சைக்கிள் வாங்குவதும் கொள்முதல்தான்!



துவரம்பருப்பு மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கை அள்ளிப் பார்க்காமல் நான் விலை பேசியதில்லை. வற்றல் வந்தால் காம்பைக் கிள்ளி, உடைத்து, விதையைத் தட்டிப் பார்ப்பேன். புளி என்றால் நாக்கில் வைக்காமல் வாங்க மாட்டேன். 1976ல் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை கீழமாசி வீதியில் அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். அப்படிப்பட்டவன் 2019ல் ஒரு சைக்கிளை, அதன் நிறத்தையும் எடையையும் மட்டும் பார்த்து வாங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலை 38,000 ரூபாயும் ஒரு காறை எலும்பும்.

அந்தக் கதையையும், அதன்பிறகு கற்றுக்கொண்டதையும் நம் இதழில் எழுதும்படி நண்பர்கள் கேட்டார்கள். நான் சைக்கிள் கடைக்காரன் அல்ல. பந்தயத்தில் ஓட்டுபவனும் அல்ல. பருப்பு வியாபாரி. ஆனால் சரக்கை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் சைக்கிளும் ஒரு சரக்குதான். இதை முதலிலேயே நினைத்திருந்தால் எலும்பு பிழைத்திருக்கும்.

கல்லாவில் உட்கார்ந்தே வந்த நோய்

2019ல் ரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சர்க்கரை 8.6 என்று வந்தது. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

இது என் ஒருவன் கதை அல்ல. 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நம் சங்கக் கூட்டத்தில் காபி வரும்போது "எனக்குச் சர்க்கரை இல்லாமல்" என்று எத்தனை குரல் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முன்பு மூட்டை தூக்கினோம், சந்தைக்கு நடந்தோம். இப்போது சரக்கு வாசலுக்கு வருகிறது, ஆர்டர் போனில் வருகிறது. நாம் மட்டும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

எனக்கு முழங்கால் வலி உண்டு. நெடுந்தூரம் நடந்தால் வீக்கம் வரும். சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்குச் சிரமம் குறைவு என்று டாக்டரே சொன்னார். வாங்கிவிட வேண்டியதுதான் என்று மகனை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன்.

பந்தயக் குதிரையை வண்டியில் பூட்டினேன்

அங்கே இருந்த பையன் ஒரு சிவப்புச் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான். "ஒன்பதரைக் கிலோதான் சார்!" என் சிறு வயதில் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் இருபது கிலோ இருக்கும். எனக்கு மனம் மயங்கிவிட்டது. ஓட்டிக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கட்டினேன்.

வீடு தெப்பக்குளம் பக்கம். கடைக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம். இரண்டே வாரத்தில் கை விரல்கள் மரத்துப்போயின, பிடரி வலித்தது. அது பந்தயச் சைக்கிள். கைப்பிடி சீட்டைவிடத் தாழ்வாக இருக்கும். இருபது வயதுப் பையன் குனிந்து பறப்பதற்குச் செய்தது. கேரியர் மாட்டத் துளை இல்லை. பில் புத்தகத்தையும் சாப்பாட்டையும் தோளில்தான் தொங்கவிட வேண்டும். மட்கார்டு இல்லை, மழை பெய்தால் முதுகில் சேற்றுக் கோடு. கடைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது மாதம், சாலையோரச் சாக்கடை மூடியில் இருந்த நீளமான இடுக்கில் முன் டயர் இறங்கியது. டயரின் அகலம் 25 மில்லிமீட்டர். அதாவது ஒரு அங்குலம்தான். நான் சைக்கிளைத் தாண்டிப் போய் விழுந்தேன். காறை எலும்பு முறிவு, ஆறு வாரம் கைக்கட்டு. அது தீபாவளிச் சீசன். வருடத்தின் கொழுத்த மாதத்தில் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். அவன் சமாளித்தான், ஆனாலும் இரண்டு பெரிய வாடிக்கைக்காரர்கள் வேறு மண்டிக்குப் போனார்கள். சைக்கிளை 14,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பந்தயத்துக்கு அது நல்ல சைக்கிள்தான். பந்தயக் குதிரையை வாங்கி வந்து மாட்டு வண்டியில் பூட்டியவன் நான்.

அதன்பிறகு முனிச்சாலைப் பக்கம் நாற்பது வருடமாகச் சைக்கிள் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போய் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, நீங்க சாம்பிள் பாக்காம சரக்கு எடுப்பீங்களா? இதுக்கும் சாம்பிள் உண்டு" என்றார். அவரிடம் ஒரு மாதம் பாடம் கேட்டு, 2021ல் அலுமினியச் சட்டம் போட்ட வேறொரு சைக்கிள் வாங்கினேன். சாலையில் விரைவாக ஓடும் இனம்தான். ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஏற்றது. இன்றுவரை அதுதான் என் வாகனம். அந்தப் பாடத்தைத்தான் கீழே தருகிறேன்.

அலுமினியம் நெளியாதா?

நம் ஆட்கள் முதலில் கேட்பது இதுதான். அலுமினியம் என்றதும் வீட்டுச் சட்டி நினைவுக்கு வருகிறது. சைக்கிளுக்குப் போடுவது அந்த அலுமினியம் அல்ல. மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்த்த கலவை. சைக்கிள்காரர்கள் 6061 என்று எண் சொல்லுவார்கள். ஆலையில் குழாய்களை வெல்டிங் செய்தபின் உலையில் வைத்துச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதத்தில்தான் அதன் வலு இருக்கிறது.

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். பார்வைக்குத் தடியாக இருந்தும் தூக்கினால் லேசாக இருப்பதன் ரகசியம் இதுதான். துருவும் பிடிக்காது. மழையில் நனைந்து வந்து துடைக்க மறக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டம் விரிசல் விட்டால் எந்த வெல்டிங் பட்டறையிலும் பற்றவைத்து ஓட்டலாம். அலுமினியத்தை அப்படிப் பற்றவைத்தால் சூடு பட்ட இடத்தில் ஆலை கொடுத்த பதம் போய்விடும். திரும்ப எங்கே விடும் என்று சொல்ல முடியாது. விரிசல் கண்டால் சட்டத்தை மாற்றுவதுதான் வழி. ஆகவே மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, குழாய்கள் சேரும் இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெடல் அச்சு இருக்கும் இடமும், கைப்பிடிக்குக் கீழே குழாய்கள் கூடும் இடமும் முக்கியம். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடியில் என் சம்பந்தி சைக்கிளில் சீட் கம்பி சட்டத்துக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. உப்புக் காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். இரும்பு போல்ட் அதில் இறங்கியிருக்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம் அரிக்கும். வருடம் ஒருமுறை சீட் கம்பியையும் போல்ட்டுகளையும் கழற்றி கிரீஸ் தடவிப் பூட்டினால் இந்தத் தொல்லை வராது.

கார்பன் சட்டம் இன்னும் லேசு என்பார்கள். விலை பல மடங்கு. கடை வாசலில் லோடுமேன் மூட்டையை அதன்மேல் போட்டுவிட்டால் கதை முடிந்தது. நமக்கு வேண்டாம்.

எடை அல்ல, அளவு

இரண்டு சைக்கிளுக்கு அரைக் கிலோ வித்தியாசம் என்று ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். அரைக் கிலோ என்பது நாம் காலையில் குடித்துவிட்டுப் புறப்படும் தண்ணீர். பத்து முதல் பன்னிரண்டு கிலோவுக்குள் இருந்தால் போதும்.

பார்க்க வேண்டியது அளவு. சட்டைக்கு அளவு உண்டு, செருப்புக்கு அளவு உண்டு. சைக்கிளுக்கு மட்டும் பார்க்காமல் வாங்குகிறோம். நம் காலத்துக் கறுப்புச் சைக்கிளில் 22 அங்குலம், 24 அங்குலம் என்று இருந்தது. இப்போது சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். என் உயரம் 170 சென்டிமீட்டர். எனக்கு 54 எண் சரியாக வந்தது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் மாறும். எண்ணை நம்பாமல் ஏறிப் பார்க்க வேண்டும்.

சோதனை சுலபம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான சீட் உயரம். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுவதால்தான் பாதிப் பேருக்கு முழங்கால் வலி வருகிறது. அடுத்து, கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது முழங்கை மடங்கியிருக்க வேண்டும்; கை விறைத்து நீண்டால் சைக்கிள் நமக்குப் பெரிது. நம் வயதுக்குக் கைப்பிடி சீட்டின் உயரத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும்.

வளைந்த கைப்பிடியா, நேர்க் கைப்பிடியா? தினம் ஐந்து கிலோமீட்டருக்குள் கடைவீதியில் மட்டும் ஓட்டுபவருக்கு நேர்க் கைப்பிடியே போதும். வளைந்ததில் மூன்று நான்கு விதமாகக் கையை மாற்றிப் பிடிக்கலாம் என்பதால் நீண்ட தூரத்தில் விரல் மரப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அழகர்கோவில் போகிறேன். போக மட்டும் 21 கிலோமீட்டர். ஆகவே வளைந்ததை எடுத்தேன். ஆனால் உயர்த்திப் பூட்டியது.

டயரும் துளைகளும்

இனிச் சொல்வதுதான் முக்கியம். என் எலும்பை முறித்தது ஒல்லி டயர். நம் பழைய சைக்கிளின் டயர் 28 அங்குலத்துக்கு ஒன்றரை; அகலம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். நம் குண்டும் குழியும் தெரிந்துதான் அப்படி ஓடியது. புதிய சாலைச் சைக்கிளில் 25, 28, 32, 35 என்று அகலம் உண்டு. தினசரி ஓட்டத்துக்கு 32க்குக் குறையக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஒரு சூட்சுமம். கடையில் மாட்டியிருக்கும் டயரை மட்டும் பார்க்கக் கூடாது. சட்டத்திலும் ஃபோர்க்கிலும் இதைவிடப் பெரிய டயர் போக இடம் இருக்கிறதா, அதற்கு மேல் மட்கார்டும் போகுமா என்று கேட்க வேண்டும். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; இடத்தை உண்டாக்க முடியாது. இன்னொன்று, பழைய 28 அங்குல டயர் இதில் ஏறாது. இது 700 சி என்னும் அளவு; ரிம் சற்றே சிறியது. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி வாங்கி அலைந்தவர்கள் உண்டு.

அடுத்தது துளைகள். பின் அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் கேரியர் மாட்டும் மரைத் துளைகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மட்கார்டு துளையும் அப்படியே. பந்தயச் சைக்கிளில் இவை இருக்காது. இந்த நான்கைந்து சிறு துளைகள்தான் ஒரு சைக்கிளை வேலைக்கு ஆக்குகின்றன. கேரியர்கள் பெரும்பாலும் 25 கிலோ வரை தாங்கும், அதன்மேலேயே எழுதியிருக்கும். பில் புத்தகம், சாம்பிள் பொட்டலம், பத்துக் கிலோ பருப்பு தாராளமாகப் போகும். 75 கிலோ அரிசி மூட்டையை வைக்க ஆசைப்பட வேண்டாம். அந்த வேலைக்கு இரும்புச் சைக்கிளே ராஜா. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1949ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. ஆலையில் செய்த சைக்கிளில்தான் என் அப்பா பாதி மதுரைக்குச் சரக்குப் போட்டார்.

பிரேக், கியர், காற்று

பிரேக் இரண்டு வகை. ரிம்மை இறுக்கிப் பிடிப்பது ஒன்று; சக்கர மையத்தில் இருக்கும் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் இன்னொன்று. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. டிஸ்க்கில் அந்தத் தொல்லை குறைவு. அகல டயருக்கும் இடம் கிடைக்கும். டிஸ்க்கிலும் எண்ணெயில் வேலை செய்வது, கேபிளில் வேலை செய்வது என்று உண்டு. கேபிள் வகையை எடுங்கள். அதை எந்த மெக்கானிக்கும் முறுக்கிச் சரி செய்வார்.

கியர் முன்னால் 2, பின்னால் 8 போதும். எண்ணிக்கை கூடக்கூடச் செயின் ஒல்லியாகும், விலை ஏறும். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பாலம் ஏறும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான்.

காற்று விஷயத்தில் நான் பட்ட சிரமத்தைக் கேளுங்கள். இந்த டியூபுகள் பலவற்றில் வால்வு ஒல்லியாக, நுனியில் திருகுடன் இருக்கும். நம் சைக்கிள் கடைப் பம்பு அதில் பிடிக்காது. ஒருநாள் காமராசர் சாலையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிறகு மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை மூடியை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான். அதை வால்வின் மேல் திருகினால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இடத்திலேயே அடித்துக்கொள்ளலாம். 38,000 ரூபாய்ச் சைக்கிள் விற்றவர்கள் இந்தச் சிறு மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை! வாங்கும் அன்றே இரண்டு கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு பெல், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, தலைக்கவசம் ஆகியவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் நமக்குத் தெரியும். இப்போது பிடுங்குவதற்கு ஆள் இல்லை. பின்னால் வரும் லாரிதான் இருக்கிறது.

பில் வாங்குங்கள். அதில் சட்டத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அது பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். திருடு போனால் அதுதான் சாட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் சபலத்துக்கு இனிக் காரணமே இல்லை.

சைக்கிள் கொடுத்த வசூல்

என் மூன்று மாதச் சர்க்கரை இப்போது 7.1. மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். சைக்கிள் நோயைத் தீர்க்கும் என்று நான் எழுத மாட்டேன். எனக்கு உதவியது, அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்காத லாபம் வேறிடத்தில் வந்தது. காரில் போனபோது நான் பார்த்தது கடைகளின் போர்டுகளைத்தான். சைக்கிளில் போகும்போது கடைகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. எந்த அலமாரி காலி, எங்கே யார் சரக்கு இறங்குகிறது என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. "அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்று கூப்பிட்டால் ஒரு காலை ஊன்றி நின்றுவிடலாம். நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை.

அனுப்பானடிப் பக்கம் ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் மூன்று மாதமாகப் பாக்கி. போன் எடுப்பதில்லை. நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்று மகன் சொன்னான். ஒருநாள் காலை அந்த வழியே போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே அவருடைய மகள், பள்ளிச் சீருடையில், ஒரு பாட்டிக்கு நூறு கிராம் கடுகு நிறுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஆபரேஷன், அப்பா ஆஸ்பத்திரியில் என்றாள். பாக்கியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் இரண்டு மூட்டைச் சரக்கு இறக்கச் சொன்னேன். எட்டு மாதத்தில் வாரா வாரம் கொடுத்துப் பாக்கி முழுவதையும் தீர்த்தார். நோட்டீஸ் போயிருந்தால் பணமும் வந்திருக்காது, மனிதரும் போயிருப்பார். அந்த ஷட்டர் பாதி திறந்திருந்ததை நான் காரில் போயிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

சொல்பவர்களுக்கு என் பதில்

"இந்த வயதில் சைக்கிளா? வியாபாரம் நொடித்துவிட்டது என்று நினைக்க மாட்டார்களா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். முதல் மாதம் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு மில்காரர் மகனுக்குப் போன் போட்டு "அப்பாவுக்கு ஏதாவது கஷ்டமா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். அந்த வாரமும் செக் சொன்ன தேதியில் பாஸானது. பிறகு கேட்கவில்லை. நம் கௌரவம் செக்கில் இருக்கிறது, வண்டியில் இல்லை.

"வெயிலும் நெரிசலும் தாங்குமா?" என்பார்கள். காலை ஆறரைக்குக் கிளம்புகிறேன். அந்த நேரத்தில் விளக்குத்தூண் பகுதியில் லாரிகளும் சுமைதூக்குபவர்களும் இருப்பார்கள், வெயில் இருக்காது. இரவில் கூட்டமான நாட்களில் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். மூச்சிரைப்போ நெஞ்சு வலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

"இத்தனை விலையா?" என்பது நியாயமான கேள்வி. இரண்டாவது சைக்கிளுக்கு, கேரியர், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆயிற்று. முதலில் நஷ்டப்பட்ட 24,000 ரூபாயைச் சேர்த்தால் இன்னும் மேலே. அவ்வளவு முடியாதவர்கள் நல்ல இரும்புச் சைக்கிளை வாங்கி, சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து ஓட்டுங்கள். உடம்புக்கு இரும்பும் அலுமினியமும் ஒன்றுதான். என் வாதம் விலை உயர்ந்ததை வாங்குங்கள் என்பதல்ல. வாங்குவதை வேலைக்குப் பொருத்தமாக வாங்குங்கள் என்பதே.

இரண்டு வேண்டுகோள்

நம் சங்கத்தில் இருக்கும் சைக்கிள் கடை நண்பர்களுக்கு ஒன்று. 700 சி டியூப், அந்தப் பித்தளை மூடி, டிஸ்க் பிரேக் கட்டை, எட்டு கியர் செயின் ஆகிய நான்கு சரக்கையும் இருப்பு வையுங்கள். பெரிய முதலீடு இல்லை. இவை உங்களிடம் இல்லாததால்தான் வாடிக்கைக்காரர் போனைத் தடவி எங்கிருந்தோ வரவழைக்கிறார். ஒருமுறை அங்கே போனவர் அடுத்த சைக்கிளையும் அங்கேதான் வாங்குவார். பஞ்சர் ஒட்டவும் கோட்டம் எடுக்கவும் மட்டும் உங்களிடம் வருவார். உழைப்பு உங்களுக்கு, லாபம் வேறொருவருக்கு என்று ஆகிவிடக் கூடாது. வாங்குகிற நாமும் பெட்டியில் வரும் சைக்கிளைத் தேடாமல், ஏறிப் பார்த்து வாங்கக்கூடிய கடையில், நாளைக்கு முகம் பார்த்துப் பேசக்கூடிய ஆளிடம் வாங்க வேண்டும்.

மளிகைக் கடை நண்பர்களுக்கு மற்றொன்று. கடை வாசலில் நான்கு சைக்கிள் நிற்க இடம் விடுங்கள். போர்டையும் காலிப் பெட்டிகளையும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். காரில் வருபவர் மாதம் ஒருமுறை பட்டியலோடு பெரிய கடைக்குப் போகிறார். சைக்கிளில் வருபவர் நம்மிடம்தான் வருவார், தினமும் வருவார்.

உங்களில் யாராவது சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெப்பக்குளத்துக்கு வாருங்கள். என் சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுக்காதீர்கள்.